லண்டனிலிருந்து சூரிச்சுக்கு ஒன்றே முக்கால் மணித்தியாலம்

லண்டனிலிருந்து சூரிச் தூரம் என்று நீ உன் தங்கச்சியிடம் சொன்னது பொய். தெரிந்துகொண்டே சொன்ன பொய். ஆகாய வழியில் எழுநூற்று எண்பது கிலோமீற்றர் வரும். விமானம் தரையை விட்டு எழும்பி மறுபடி தரையைத் தொட ஒன்றே முக்கால் மணித்தியாலம். சில நாட்களில் அதைவிடவும் குறைவு. மெல்பேர்னிலிருந்து சிட்னி எழுநூறு கிலோமீற்றர் சொச்சம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், மெல்பேர்ன் புறநகர் பொயிண்ட் குக்கில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து பக்கத்து ஊர் ஜீலோங்குக்குப் போய்வருகிற தூரம்கூட இல்லை. பதினாறு வருடமாகக் கடை வைத்து விமான ரிக்கற் விற்றுச் சாப்பிடுகிறவள் நான். மற்ற எந்த விசயத்திலும் நீ என்னை ஏமாற்றலாம். இந்த விசயத்தில் முடியாது.

இதை எல்லோரும் வாசிக்கிற இடத்தில் எழுதுவது உனக்குப் பிடிக்காது. தெரியும். ஒன்பது நாட்களாக நீ என் போனை எடுக்கவில்லை. குடும்ப வட்ஸ்அப் குழுவின் வாயை அடைத்து வைத்திருக்கிறாய். உன் தங்கச்சியிடம் கேட்டேன், இப்படி எழுதட்டோ என்று. "பேர் போடாமல் எழுதுங்கோ பெரியம்மா. மற்றபடி ஒண்டையும் மறைக்காதேங்கோ" என்றாள். ஆகவே பெயர்கள் இல்லை, மற்றதெல்லாம் இருக்கிறது. எங்களைத் தெரியாமல் வாசிக்கிறவர்களுக்கு: அவள் என் கூடப்பிறந்த தங்கையின் ஒரே மகள். சூரிச்சில் பிறந்து வளர்ந்தவள். அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை அங்கே அவளுக்குக் கலியாணம். கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லை. எங்கள் முறையில் பெரியம்மாவின் மகன்தான் அண்ணன். மாப்பிள்ளை மண்டப வாசலுக்கு வரும்போது செம்பில் தண்ணீர் எடுத்து அவருடைய காலைக் கழுவி, அவர் போடுகிற மோதிரத்தை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டிய தோழன், லண்டனில் வேலை செய்கிற என் மகன் நீ. இரண்டு மாதத்துக்கு முன்பே அவள் உன்னைக் கேட்டாள். முதலில் ஓம் என்றாய். பிறகு தூரம் என்றாய்.

நீ அனுப்பிய மெசேஜை அவள் எனக்கு அனுப்பினாள். காலை ஒன்பதுக்கு ஏறினால் பதினொன்றே முக்காலுக்குத்தான் இறங்குமாம், இரண்டே முக்கால் மணித்தியாலமாம், போக ஒரு நாள் வர ஒரு நாளாம், வேலையில் நெருக்கடியாம். பொறியியல் படித்த பிள்ளை நீ. சூரிச் மணிக்கூடு லண்டன் மணிக்கூட்டை விட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு ஓடுகிறது என்பது உனக்குத் தெரியாதா? மணிக்கூடு கூட்டிய அந்த ஒரு மணித்தியாலத்தையும் எடுத்து உன் பயணத்தில் சேர்த்துவிட்டாய். அப்படியென்றால் திரும்பி வருகிற கதையையும் எழுதியிருக்க வேண்டும்: மாலை ஏழுக்கு ஏறினால் ஏழே முக்காலுக்கு லண்டன். உன் கணக்கில் முக்கால் மணித்தியாலம். அதை ஏன் எழுதவில்லை? சரி, நியாயமாகவே பார்ப்போம். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஒரு மணித்தியாலம், அங்கே காத்திருப்பு, இறங்கிய பிறகு பாஸ்போட் வரிசை, ரயில். கதவிலிருந்து கதவுக்கு ஆறு மணித்தியாலம் வைத்துக்கொள். கலியாணம் சனிக்கிழமை. சனிக்கிழமை உனக்கு வேலை இல்லை. நான் மெல்பேர்னிலிருந்து போகிறேன், நடுவில் ஓரிடத்தில் மாறி, இருபத்திரண்டு மணித்தியாலத்துக்கு மேல், இந்த இடுப்பு வலியோடு. உன் மெசேஜை அனுப்பிவிட்டு அவள் எனக்குப் போன் எடுத்தாள். "பெரியம்மா, சூரிச்சை ஆரும் தள்ளிக்கொண்டு போட்டினமோ?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். பிறகு அவள் சிரிக்கவில்லை.

உண்மையான காரணம் உன் வாயிலிருந்து வரவில்லை. நீ கட்டுவதற்கு இருக்கிற பிள்ளையின் அம்மாவிடமிருந்து வந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவர் லண்டனிலிருந்து எனக்குப் போன் எடுத்தார். மரியாதை தெரிந்த மனிசி. என் இடுப்பு வலியை விசாரித்தார், மெல்பேர்ன் குளிரை விசாரித்தார், பிறகு மெதுவாக வந்தார்.

"உங்கட தங்கச்சியின்ர மகளுக்குக் கலியாணமாம். சந்தோசம். நாங்கள் அதிலை ஒண்டும் சொல்லேல்லை, அது அவையின்ர விருப்பம். ஆனா பாருங்கோ, படம் எடுப்பினம், வீடியோ எடுப்பினம், பேஸ்புக்கிலை போடுவினம். எங்கட ஆக்கள் எல்லாரும் பாக்கிறவை."

"என்னத்தைப் பாக்கிறவை?"

"தம்பி குனிஞ்சு அந்தப் பெடியன்ர காலைக் கழுவுறதை. நாளைக்கு எங்கட வீட்டு மாப்பிள்ளையல்லோ அவர். நான் தம்பியிட்டைச் சொன்னனான். உடனை ஓமெண்டிட்டார்."

"என்ன சொன்னவன்?"

"'இட்ஸ் ஃபைன், அன்ரி' எண்டார். ஒரு கேள்வி கேக்கேல்லை. நல்லா வளத்திருக்கிறியள்."

அந்தக் கடைசி வசனத்தைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். அது உண்மை. நான்தான் வளர்த்தேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

அந்த மனிசி சாதி என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை, கவனித்தாயா? நீயும் சொல்லவில்லை. எங்கள் ஆட்கள் சொல்லமாட்டார்கள். "ஊரிலை எவடம்?" என்பார்கள். ஊரைச் சொன்னால், "அதிலை எந்தப் பக்கம்?" பக்கத்தைச் சொன்னால், "எந்தக் கோயிலடி?" மூன்று கேள்வியில் ஒரு மனிதனை அளந்து முடித்துவிட்டு, அடுத்த நிமிடம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார்கள். மெல்பேர்னின் புதுப் புறநகர் ட்ருகனினாவில் போன வருடம்தான் கட்டி முடித்த வீடு, தெருவில் நட்ட மரம் இன்னும் முழங்கால் உயரம்கூட வளரவில்லை; அந்தத் தெருவில் நின்று இந்த மூன்று கேள்வியையும் கேட்கிறார்கள். வேலையிடத்தில் தன் பெயரைச் சரியாக உச்சரிக்காத மனேஜரைப் பற்றி ஒரு மணித்தியாலம் கொதிக்கிறவர், வெள்ளைக்காரன் தனக்குப் பதவி உயர்வு தரவில்லை என்று மேடையில் ஏறிப் பேசுகிறவர், அன்று பின்னேரமே இன்னொருவருடைய மகனுக்கு ஏன் பெண் கொடுக்கக்கூடாது என்று அதே வாயால் பேசுகிறார். அவருக்கு அதில் ஒரு முரணும் தெரிவதில்லை. இந்த நாட்டுக்கு நாங்கள் இருபத்தைந்து கிலோ பெட்டியோடு வந்தோம். பாத்திரத்தை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு, படங்களை விட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு. இதை விட்டுவிட்டு வந்த ஆட்களை நான் விரல்விட்டு எண்ணுவேன்.

உன் தங்கச்சி கட்டப்போகிற அந்தப் பெடியனை உனக்குத் தெரியும். மருத்துவமனையில் நேர்ஸ். போன கோடையில் நீ சூரிச்சில் நாலு நாள் நின்றாய். அப்போது தூரம் தெரியவில்லை. ஏரிக்கரையில் பந்தடிக்கப் போய்க் கால் சுளுக்கியபோது உன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, ஐஸ் பிடித்து, துணி சுற்றிக் கட்டியவன் அவன். நீதான் எனக்குப் படம் அனுப்பினாய், "மை நேர்ஸ்" என்று எழுதி. அவனுடைய அப்பாவும் உன் தங்கச்சியின் அப்பாவான உன் சித்தப்பாவும் அகதிகளாகப் போன புதிதிலிருந்து ஒரே உணவகத்தின் குசினியில் ஒன்பது வருடம் கோப்பை கழுவினார்கள். ஒருவர் தேய்ப்பார், மற்றவர் அலசுவார். கலியாணம் பேச்சில் இருந்தபோது, "தெரிஞ்சுகொண்டோ பொம்பிளை குடுக்கிறாய்?" என்று சித்தப்பாவை ஒருவர் கேட்டாராம். "ஒன்பது வருசம் அவன் தேய்ச்ச கோப்பையை நான் அலசினனான். இன்னும் என்னத்தைத் தெரியவேணும்?" என்றாராம் சித்தப்பா. அதிகம் படிக்காத மனிதன். உன்னிடம் இரண்டு பட்டம் இருக்கிறது.

உன் தங்கச்சியை நீ முதன்முதலில் கண்டபோது உனக்குப் பதினொன்று, அவளுக்கு எட்டு. ஆறு வாரம் அவர்கள் எங்களோடு பொயிண்ட் குக்கில் நின்றார்கள். உனக்கு ஆங்கிலம், அவளுக்கு ஜெர்மன். முதல் இரண்டு நாளும் ஆளுக்கொரு கதிரையில் இருந்து முகத்தை முகம் பார்த்தீர்கள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு உன்னைக் காரில் ஏற்ற நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பிள்ளை நீ. மூன்றாம் நாள் பின்வளவில் அவள் கையில் மட்டையைக் கொடுத்து, "நீ அடி. நான் போடுறன். அவுட் எண்டா அழக்கூடாது" என்றாய். குசினி ஜன்னலில் நின்று கேட்டேன். நீயாக, யாரும் கேட்காமல், முழுசாகப் பேசிய முதல் தமிழ் அதுதான். அவள் முதல் பந்திலேயே அவுட்டாகி, "இது அவுட் இல்லை, இது பிழை" என்று கத்தினாள். அதற்குப் பிறகு உங்கள் இரண்டு பேருடைய வாயும் மூடவில்லை. தமிழ்ப் பள்ளி ஆறு வருடத்தில் செய்யாததை அவள் ஆறு வாரத்தில் செய்தாள். இன்றைக்கும் என்னோடு நீ ஆங்கிலம், அப்பாவோடு ஆங்கிலம், அவளோடு மட்டும் தமிழ். நீ தூரம் என்று அனுப்பிய மெசேஜ் ஆங்கிலத்தில் இருந்தது. "வாசிக்க முதலே தெரிஞ்சுபோச்சு பெரியம்மா, அண்ணா எனக்குப் பொய் எழுதியிருக்கிறார் எண்டு" என்றாள்.

நீ கால் கழுவாத ஆளும் இல்லை. உனக்கு எட்டு வயதில் சிட்னியில் என் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கலியாணம். அவளுடைய தம்பிக்கு விசா கிடைக்கவில்லை, ஆகவே உன்னைத் தோழனாக்கினோம். விடிய முதல் விமானத்தில் போனோம். வழியில் ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் இறங்கி லட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினோம்; நீ காரிலேயே வேட்டி கட்டினாய். மாப்பிள்ளை பதற்றத்தில் சொக்ஸைக் கழற்ற மறந்துவிட்டார். நீ செம்போடு குனிந்தாய், சொக்ஸைப் பார்த்தாய், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாய், பிறகு செம்புத் தண்ணீர் முழுவதையும் அதன் மேலேயே ஊற்றினாய். "ஏனடா தம்பி, சொல்லியிருக்கலாமே?" என்று அவர் கேட்க, "ஐ தோட் யூ லைக் இட் லைக் தட்" என்றாய். வாசலில் நின்ற சனம் விழுந்து விழுந்து சிரித்தது. மனிதன் ஈரச் சொக்ஸோடு மணவறை ஏறினார். அவர் போட்ட மோதிரம் உன் பெருவிரலுக்கும் பெரிது. திரும்பி வருகிற விமானத்தில், அது கழன்றுவிடும் என்று கையைப் பொத்திக்கொண்டே நித்திரையானாய். ஒரே நாள். எழுநூறு கிலோமீற்றர் போய், எழுநூறு கிலோமீற்றர் வந்தோம். அந்த மாப்பிள்ளை எந்த ஊர், எந்தப் பக்கம் என்று நீ கேட்கவில்லை. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் நீ கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை. நாங்கள் பெரியவர்கள் எல்லோரும் ஏற்கெனவே கேட்டு முடித்திருந்தோம்.

இனி என் பங்கு. தூரத்தைப் பொய்யாகப் பாவிப்பதை நீ கண்டுபிடிக்கவில்லை. அது என் கடையில் வருடக்கணக்காக நடந்த வியாபாரம். ஐரோப்பாவில் பிள்ளைகள் இருக்கிற பெற்றோர் மெல்பேர்னிலிருந்து என்னைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை மணித்தியாலம் என்று திரையைப் பார்க்காமலே சொல்லுவேன். ஒரு நாள் ஒரு அங்கிள் எடுத்தார். ஒஸ்லோவில் மகளோடு நிற்கிறார். பாரிசில் அவருடைய மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்குக் கலியாணம்.

"பிள்ளை, ஒஸ்லோவிலையிருந்து பாரிசுக்கு நேரடியா ஒண்டும் இல்லைத்தானே?"

"இருக்கு அங்கிள். ரெண்டரை மணித்தியாலம்கூட இல்லை."

"அட, இருக்கோ..." என்று அவர் இழுத்தார். கவலைப்பட்டது குரலில் தெரிந்தது. "அப்ப பிள்ளை, ரெண்டு இடத்திலை மாறிப் போறமாதிரி, எங்கையாவது பத்து மணித்தியாலம் காத்திருக்கிறமாதிரி ஒண்டு எடுத்து அனுப்புங்கோவன். தங்கச்சிக்குக் காட்டவேணும்."

ஏன் என்று எனக்குத் தெரியும். அந்தத் தங்கச்சியின் மகன் கட்டப்போகிற பிள்ளையின் ஊர், பக்கம், கோயிலடி எல்லாம் மெல்பேர்ன் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. நான் சிரித்துக்கொண்டே தேடினேன். ஒஸ்லோவிலிருந்து தெற்கே போய், திரும்பி வடக்கே வந்து, பதினேழு மணித்தியாலம் எடுக்கிற ஒரு கோமாளிப் பயணத்தைக் கண்டுபிடித்து, கடையின் பெயர் போட்ட தாளில் அனுப்பினேன். அவருக்குப் பெரிய சந்தோசம். ஆட்களுக்கு ஆட்கள் சொல்லி, பிறகு இன்னும் பலர் கேட்டார்கள். எல்லோருக்கும் செய்துகொடுத்தேன். ரிக்கற் விற்கிற கடையில், போகாமல் இருப்பதற்கும் தாள் கொடுத்தேன்.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. என்னிடம் ரிக்கற் போடுகிறவர்கள் பாஸ்போட்டின் படத்தை அனுப்புவார்கள். பாஸ்போட்டில் பிறந்த இடம் இருக்கும். தன் மகளுக்கு ஒரு பெடியனைப் பேசிக்கொண்டிருந்த ஒரு தாய் கடைக்கு வந்தார். பெடியன் நல்ல வேலை, நல்ல குணம்; "யாழ்ப்பாணம்" என்று மட்டும்தான் சொல்கிறானாம். "அவர் உங்களிட்டைத்தானே பிள்ளை ரிக்கற் போட்டவர்? அதிலை பிறந்த இடம் என்னெண்டு கிடக்கு? சும்மா ஒருக்காச் சொல்லுங்கோவன்." நான் கணினியைத் திறந்தேன். பார்த்தேன். சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சம்பந்தம் அந்தக் கிழமையே முறிந்தது. அன்றைக்கு இரவுச் சாப்பாட்டில் அதை ஒரு கெட்டித்தனம் போல உன் அப்பாவிடம் சொன்னேன். உனக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது. நீ சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாய். "ஸோ வட் வோஸ் ரோங் வித் ஹிம்?" என்றாய். உன் அப்பா, "அவை வேறை ஆக்களடா" என்றார். நான் உனக்கு இன்னொரு மீன் பொரியல் போட்டேன். அவ்வளவுதான் பாடம். பாடம் நன்றாக ஏறியிருக்கிறது.

அந்தப் பெடியன் ஆறு மாதத்துக்குப் பிறகு கடைக்கு வந்தான். பேர்த் நகருக்கு ஒருவழி ரிக்கற். "அக்கா, ஜன்னல்கரைச் சீற் இருந்தால் நல்லம்" என்றான். யார் சொன்னது என்று அவனுக்குத் தெரியாது. என்னை நம்பி இரண்டாம் முறையும் பாஸ்போட்டைத் தந்தான். நான் தலை நிமிராமல் வேலையை முடித்தேன். அன்றைக்கு அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு அவனைத் தேடினேன், நம்பர் மாறிவிட்டது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் பொய்த் தாள் கொடுப்பதில்லை, யாருடைய பாஸ்போட்டையும் இன்னொருவருக்குத் திறப்பதில்லை. "இப்ப பெரிய ஆளாகிட்டா" என்று பின்னால் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். சில பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். இருபது வயதில் உன்னைப் பெற்றவள் நான், இப்போது நாற்பத்தாறு. இனியும் இந்தச் சனத்துக்குப் பயந்துகொண்டு இருக்க எனக்கு நேரமில்லை.

நீ என்ன சொல்லுவாய் என்று தெரியும். "ஐ டோன்ட் பிலீவ் இன் எனி ஒஃப் தட், அம்மா. ஐ ஜஸ்ட் டோன்ட் வோன்ட் ட்ராமா." அந்த ஒஸ்லோ அங்கிளுக்கும் நம்பிக்கை இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் பிரச்சினை வேண்டாம் என்றுதான் இருந்தது. என் கடைக்கு வந்த அந்தத் தாய்க்கும் அப்படித்தான். இது நம்பிக்கையில் ஓடுகிற வண்டி என்று நினைக்காதே. நம்பாத, படித்த, பண்பான, பிரச்சினை வேண்டாத மனிதர்கள்தான் அதற்கு எண்ணெய் ஊற்றுகிறார்கள். கால் கழுவுவதே பழைய பஞ்சாங்கம், அதை விட்டால் என்ன என்றும் நீ கேட்கலாம். நல்ல கேள்வி. அப்படியென்றால் உன் கலியாணத்தில் அந்தப் பிள்ளையின் தம்பி செம்போடு உன் முன்னால் குனியும்போது நீ காலை இழுத்துக்கொள். அன்றைக்குக் கால் நீட்டுவதாக இருந்தால் இன்றைக்குக் குனி.

உன் அப்பா நேற்று இதன் பாதியை வாசித்துவிட்டு, "விடுமப்பா, அவன்ர வாழ்க்கை. இதாலை அந்தச் சம்பந்தம் குழம்பினால் என்ன செய்யிறது?" என்றார். குழம்பலாம். அதை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை. உனக்கு அந்தப் பிள்ளையில் எவ்வளவு விருப்பம் என்று தெரியும். எனக்கும் பிடித்த பிள்ளை. நான் கேட்பது ஒன்றுதான்: அவளுடைய அம்மா உன்னிடம் என்ன கேட்டார் என்று அவளுக்குத் தெரியுமா? நீ அவளிடம் சொன்னாயா? தெரியாதென்றால், அவளுக்கு ஒரு சந்தர்ப்பம்கூடக் கொடுக்காமல் அவளையும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டாய். தெரியுமென்றால், தெரிந்தும் பேசாமல் இருக்கிற ஒருத்தியோடு நாற்பது வருடம் வாழப்போகிறாய்; அதைக் கலியாணத்துக்கு முதலே அறிந்துகொள்வது நல்லது. எப்படியோ, அவளிடம் பேசு. இன்றைக்கு ஒரு கால் கழுவுவதை விட்டாய். நாளைக்கு உன் சித்தி வீட்டுக்குப் போவதை விடச் சொல்லுவார்கள். பிறகு உன் பிள்ளை பிறந்து முப்பத்தொன்றாம் நாள் சடங்குக்கு அவர்களைக் கூப்பிடாமல் விடச் சொல்லுவார்கள். ஒவ்வொரு முறையும் மரியாதையாகத்தான் கேட்பார்கள். ஒவ்வொரு முறையும் நீ "இட்ஸ் ஃபைன், அன்ரி" என்பாய்.

மண்டப வாசலை நினைத்துப் பார். மேளம் அடிக்கிறது. மாப்பிள்ளை காரிலிருந்து இறங்கி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறான். அவனுக்குப் பக்கத்தில் அவனுடைய அம்மா, அப்பா. பொம்பிளை பகுதியில் செம்போடு ஒருவனும் இல்லை. முந்நூறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அண்ணன் எங்கே என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள், ஏனென்றால் அண்ணன் லண்டனில் இருப்பது எல்லோருக்கும் தெரியும், லண்டன் எவ்வளவு கிட்ட என்பதும் தெரியும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். மாப்பிள்ளையின் தாய்க்கு விளங்கும். வாழ்நாள் முழுக்க இப்படி விளங்கிக்கொண்டே வந்தவர் அவர். ஒரு நிமிடம் போதும் அவருக்கு. உன் தங்கச்சி உள்ளே கூறைச் சேலைக்குக் காத்துக்கொண்டு, மேளம் ஏன் இவ்வளவு நேரம் வாசலிலேயே நின்று அடிக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பாள். நீ செய்யப்போவது இதுதான். ஒரு பயணத்தை விடுகிறேன் என்று மட்டும் நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

என் தங்கை வேறு யாரையாவது தோழனாகப் பிடிக்கலாம் என்றாள். இரண்டு பேர் தாங்களாகவே முன்வந்தார்கள். உன் தங்கச்சி மறுத்துவிட்டாள். "ஆரையும் பிடிக்கவேண்டாம் பெரியம்மா. வாசலிலை ஆளில்லையெண்டா நானே எழும்பிப் போய்க் கழுவுறன், ஐயர் என்ன செய்வார் பாப்பம். ஆனா அண்ணா வரமாட்டார் எண்டதை அண்ணா எனக்குச் சொல்லவேணும். ஏனெண்டும் சொல்லவேணும். மெசேஜிலை இல்லை, வாயாலை." அவள் எழும்பிப் போவாள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவளுக்காக நான் பயப்படவில்லை.

உன் பெயரில் ஒரு சீற் பிடித்து வைத்திருக்கிறேன். கலியாணத்துக்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை மாலை, லண்டனிலிருந்து சூரிச், நேரடி. இந்தக் கிழமை வெள்ளி ஐந்து மணிவரை அது என் திரையில் இருக்கும். அதற்குப் பிறகு தானாகவே ரத்தாகிவிடும். உன்னைத் தூக்கிக்கொண்டுபோய் அதில் இருத்த என்னால் முடியாது. நீ வந்தாலும் வராவிட்டாலும் நான் உன் அம்மாதான். அதை வைத்து உன்னை வெருட்டவும் மாட்டேன். ஆனால் தூரம் என்று இனி என் வீட்டில் யாரும் சொல்ல நான் விடமாட்டேன்.

இதுவரை எழுதி, மற்றவர்கள் வாசிக்க முதல் நீ வாசிக்கவேண்டும் என்று திங்கட்கிழமை உனக்கு அனுப்பினேன். இன்று வியாழன். நீ திறந்து வாசித்திருக்கிறாய், போனில் தெரிகிறது. ஒரு சொல் எழுதவில்லை. நேற்று உன் தங்கச்சிக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவளுக்கும் ஒன்றும் வரவில்லை. எனக்கு நீ பதில் எழுதவேண்டாம். என்னோடு கோபம் என்றால் கோபமாகவே இரு. அவளுக்குப் போன் எடு. வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று அவளிடம் சொல்லு. முழுக் காரணத்தையும், யார் கேட்டார்கள், நீ என்ன சொன்னாய் என்பதையும் சேர்த்துச் சொல்லு. இன்றைக்கே எடு.